நிறைய போட்டோக்களை ஒரே தடவையில் சுருக்க எந்த மென்பொருள்? பத்துப் படங்களை வைத்துத் தேர்ந்தெடுக்கும் முறை

சில வருடங்களுக்கு முன் ஒரு நீண்ட பயணத்தின் போட்டோக்களை, ஆயிரத்துக்கும் மேல், ஒரே தடவையில் சுருக்கினேன். சில நிமிடங்களில் வேலை முடிந்தது. திறந்து பார்த்தால் எல்லாம் 800 பிக்சல் அகலத்தில் இருந்தன. ஒரிஜினல் ஒன்றுகூட இல்லை. நான் பயன்படுத்திய மென்பொருள் தனியாக நகல் எடுக்காமல், இருந்த ஃபைல்களின் மேலேயே எழுதிவிட்டது. மெமரி கார்டை அதற்கு முந்தின நாளே ஃபார்மட் செய்திருந்தேன். அந்தப் பயணத்தில் எடுத்த எந்தப் படத்தையும் இனி சுவரில் மாட்டும் அளவுக்கு அச்சிட முடியாது.

அதற்குப் பிறகு எந்த ரீசைஸ் மென்பொருளைப் பார்த்தாலும் எத்தனை வசதி, எவ்வளவு வேகம் என்று நான் முதலில் பார்ப்பதில்லை. ஒரிஜினலை என்ன செய்கிறது, நமக்குச் சொல்லாமல் எதையெல்லாம் விட்டுவிடுகிறது என்று பார்க்கிறேன். அதைக் கண்டுபிடிக்க, தொல்லை தரக்கூடிய பத்துப் படங்களைச் சேர்த்து ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஃபோல்டரைச் சுற்றித்தான்.

படி 1: எத்தனை பிக்சல் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

"போட்டோ சைஸைக் குறைக்கணும்" என்பதற்கு மூன்று அர்த்தம் உண்டு. பிக்சல் அளவு என்பது படம் எத்தனை புள்ளி அகலம், எத்தனை புள்ளி உயரம் என்பது. ஃபைல் அளவு என்பது டிஸ்க்கில் எத்தனை எம்பி பிடிக்கிறது என்பது. அச்சு அளவு என்பது தாளில் எத்தனை அங்குலம் என்பது. பல மென்பொருள்கள் மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் கேட்கும். நாம் குழம்பிப்போய் ஏதோ ஒன்றை நிரப்பிவிடுவோம்.

பிக்சலைப் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டும் புரிந்துவிடும். 6000×4000 பிக்சல் கேமரா படத்தில் 2.4 கோடி புள்ளிகள். அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் புள்ளிகள் பாதியாகாது, கால்வாசியாகும். 1500×1000 ஆக்கினால் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 15 லட்சம்தான் மிஞ்சும். "கொஞ்சம்தான் குறைச்சேன், ஃபைல் இவ்வளவு சின்னதாயிடுச்சே" என்று பலர் திகைப்பது இதனால்தான்.

திரையில் பார்க்க மட்டும் என்றால், ஃபுல் எச்டி திரை 1920×1080, 4கே திரை 3840×2160. நண்பர்களுக்கு அனுப்பவும் இணையத்தில் போடவும் நீளமான பக்கம் 1600 முதல் 2048 பிக்சல் இருந்தால் தாராளம். அச்சுக்கு என்றால் அங்குலத்தை 300ஆல் பெருக்குங்கள். 6×4 அங்குலத்துக்கு 1800×1200, 12×8 அங்குலத்துக்கு 3600×2400. இந்தக் கணக்குக்குக் கீழே போனாலும் அச்சு வரும், கிட்டே வைத்துப் பார்த்தால்தான் மென்மை தெரியும்.

இதில் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்று ஒரு கட்டம் வந்து நிற்கும். 72 என்பதை 300 என்று மாற்றினால் படம் தெளிவாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அந்த எண்ணை மட்டும் மாற்றினால் ஒரு பிக்சல்கூடக் கூடாது, குறையாது. அச்சிடும்போது எத்தனை அங்குலத்துக்குள் அந்தப் பிக்சல்களைப் பரப்ப வேண்டும் என்பதற்கான குறிப்பு மட்டுமே அது.

உங்களுக்கு வேண்டியது "50 கேபிக்குள் இருக்க வேண்டும்" என்பது போன்ற விண்ணப்ப நிபந்தனையா? அப்படியானால் கேபி இலக்கு கொடுக்கும் வசதி உள்ள மென்பொருள்தான் தேவை. எல்லாவற்றிலும் அது கிடையாது.

ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எதற்காக, நீளப்பக்கம் எத்தனை பிக்சல், எந்த ஃபார்மட். இந்த மூன்றும் தெரியாமல் மென்பொருள் தேடினால், விளம்பரம் நன்றாக இருப்பதுதான் கையில் வந்து சேரும்.

படி 2: உங்கள் வேலையின் தன்மையைப் பாருங்கள்

இது சுருக்கமான படிதான். வருடத்துக்கு ஒரு தடவை 60 படங்கள் என்றால், கம்ப்யூட்டரில் ஏற்கனவே இருப்பதே போதும். வாரா வாரம் பல நூறு என்றால், அமைப்புகளைச் சேமித்து வைத்துத் திரும்ப எடுக்கும் வசதி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒரு டிக் விட்டுப்போகும். கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா ஃபார்மட்டில் எடுப்பவர்கள் பொதுவான ரீசைஸ் மென்பொருளைத் தேடவே வேண்டாம். ரா படத்தை நிறம் திருத்தும் மென்பொருளிலேயே ஏற்றுமதி செய்யும்போது அளவைக் கொடுத்துவிடலாம்.

உரிமத்தையும் பாருங்கள். இலவசம் என்று போட்டிருக்கும் பல மென்பொருள்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்தான் இலவசம். ஸ்டுடியோ, கடை, அலுவலகம் என்றால் பணம் கட்ட வேண்டியிருக்கலாம்.

படி 3: சோதனைக்குப் பத்துப் படங்களைச் சேருங்கள்

இந்தப் படிக்கு அரை மணி நேரம் செலவழியுங்கள். ஒரு தடவை சேர்த்துவிட்டால் பல வருடங்களுக்கு உதவும். நன்றாக வந்த படங்களை எடுக்காதீர்கள். மென்பொருள் எங்கெல்லாம் சறுக்குமோ, அங்கே நிற்கும் படங்களைத் தேர்ந்தெடுங்கள்.

முதலாவது, போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த ஒரு படம். போனும் கேமராவும் பெரும்பாலும் படத்தை உண்மையில் திருப்பிச் சேமிப்பதில்லை. படுக்கையாகவே சேமித்துவிட்டு, "என்னைத் திருப்பிக் காட்டு" என்று ஃபைலுக்குள் படத்தோடு சேர்ந்து வரும் எக்சிஃப் என்ற தகவலில் ஓர் எண்ணை எழுதிவைக்கின்றன. 1 முதல் 8 வரை அதற்கு எட்டு மதிப்புகள் உண்டு. சுருக்கும் மென்பொருள் படத்தைத் திருப்பாமல் அந்த எண்ணை மட்டும் அழித்துவிட்டால், ஆள் படுத்துக்கிடப்பார். திருப்பிவிட்டு எண்ணை அப்படியே விட்டுவைத்தால், பார்க்கும் மென்பொருள் இன்னொரு முறை திருப்பும். இந்த ஒரு படமே பாதி மென்பொருள்களின் தராதரத்தைச் சொல்லிவிடும். இதே படத்தில் எடுத்த தேதியும் இடமும் பதிவாகியிருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, அதே இடத்தில் கிடைமட்டமாக எடுத்த படம். இது ஏன் என்று ஒரு கணக்கைப் பாருங்கள். 4000×3000 போன் படத்தை "1920×1080க்குள் அடங்கட்டும்" என்று சுருக்கினால் 1440×1080 வரும். நிமிர்ந்த 3000×4000 படத்தை அதே பெட்டிக்குள் அடக்கினால் 810×1080தான் வரும். ஒரே ஆல்பத்தில் ஒன்று பெரிதாகவும் இன்னொன்று ஒல்லியாகவும் நிற்கும். அகலம், உயரம் என்று கொடுக்காமல் "நீளப்பக்கம் 1600" என்று கொடுக்க முடிந்தால் ஒன்று 1600×1200, மற்றது 1200×1600 என்று சமமாக வரும்.

மூன்றாவது, ஏற்கனவே சிறியதாக இருக்கும் படம், 640×480 போல. சில மென்பொருள்கள் இதையும் 1600 ஆக இழுத்துவிடும். இல்லாத விவரத்தை உருவாக்க முடியாது என்பதால் படம் மங்கும், ஃபைல் மட்டும் வீங்கும்.

நான்காவது, நுணுக்கமான கோடுகள் நிறைந்த படம்: நெருக்கமாக நெய்த துணி, செங்கல் சுவர், ஜன்னல் கம்பி வலை. 6000 அகலத்தை 1200 ஆக்கும்போது, 25 புள்ளிகள் இருந்த இடத்தில் ஒன்று நிற்கப்போகிறது. அக்கறையில்லாத மென்பொருள் அந்த 25இல் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தூக்கிப்போடும். அப்போது துணியில் இல்லாத அலைகள் தோன்றும், கம்பிகள் படிக்கட்டாக உடையும். நல்ல மென்பொருள் சுற்றியுள்ள புள்ளிகளையெல்லாம் கணக்கில் எடுத்துச் சராசரி பிடிக்கும். லான்சோஸ், பைக்யூபிக் என்ற பெயர்கள் இந்தக் கணக்கு முறைகளைத்தான் குறிக்கின்றன.

ஐந்தாவது, இரவுப் படம். இருட்டில் சின்னச் சின்ன விளக்குகள் உள்ளது. படத்தில் எழுதப்பட்டிருக்கும் எண்கள் வெளிச்சத்தின் நேர் அளவு அல்ல, கண்ணுக்கேற்ப வளைக்கப்பட்ட எண்கள். அவற்றை அப்படியே சராசரி பிடித்தால் விளக்குகள் இருண்டுபோகும். வெள்ளையும் கறுப்பும் ஒன்றுவிட்டு ஒன்று நிற்கும் கட்டங்களைச் சுருக்கினால் கறுப்பு 0, வெள்ளை 255 என்ற அளவில் சரியான சாம்பல் சுமார் 188 வர வேண்டும். பெரும்பாலான மென்பொருள்கள் 128 தரும், அது கணிசமாக இருண்டது. சாதாரணப் பகல் படங்களில் இதைக் கண்டுபிடிப்பது கடினம், அதனால் இதை மட்டும் காரணமாக வைத்து ஒரு மென்பொருளை நான் ஒதுக்குவதில்லை. வானவேடிக்கை, நட்சத்திரம் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

ஆறாவது, கடுஞ்சிவப்பு, கரும்பச்சை என்று நிறம் கொப்பளிக்கும் ஒரு பூ, புதிய ஐபோனில் எடுத்தது. அந்தப் போன்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான நிறவெளியில், அதாவது அதிக நிறங்களுக்கு இடமுள்ள வரம்பில், பதிகின்றன. அந்த நிறங்களை எப்படிப் படிக்க வேண்டும் என்ற குறிப்பு, நிறப் புரொஃபைல் என்ற பெயரில் ஃபைலுக்குள் இருக்கும். நிறங்களை எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிறவெளிக்கு மாற்றாமல் அந்தக் குறிப்பை மட்டும் நீக்கினால், பூ வெளுத்துப்போகும். அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு அகலமான நிறவெளியில் எடுக்கும் கேமரா படங்களுக்கும் இதே கதிதான்.

ஏழாவது, பின்னணி இல்லாத பிஎன்ஜி, ஒரு லோகோ போல. வழக்கமான போட்டோ ஃபார்மட்டான ஜேபெக்கில் (ஜேபிஜி) ஒளி ஊடுருவும் பகுதி என்பதே கிடையாது. மாற்றும்போது அந்த இடம் கறுப்பாகுமா, வெள்ளையாகுமா என்று பார்த்துவிடலாம். எட்டாவது, ஒரு எச்இஐசி ஃபைல். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் இந்த ஃபார்மட்டில் சேமிக்கத் தொடங்கின. பல மென்பொருள்களுக்கு இதைத் திறக்கத் தனியாக ஒரு துணைநிரல் வேண்டும்.

ஒன்பதாவது, தமிழில் பெயர் வைத்த ஃபைல், நடுவில் இடைவெளியோடு: "பாட்டி வீடு 3" என்பதுபோல. பழைய மென்பொருள்கள் தமிழ்ப் பெயரைக் கேள்விக்குறிகளாக்கும், அல்லது அந்த ஃபைலையே சத்தமில்லாமல் தாண்டிப் போகும்.

பத்தாவது ஒரு ஜோடி. இரண்டு உட்ஃபோல்டர்களில் ஒரே பெயரில் இரு வேறு படங்கள். கேமராக்களின் எண் 9999 வரை போய் மறுபடி 0001இல் தொடங்கும். இரண்டு பேர் கேமராவில் எடுத்ததைச் சேர்த்தாலும் பெயர் மோதும். வெளியீட்டை ஒரே ஃபோல்டரில் கொட்டும் மென்பொருள், இரண்டாவது படத்தை முதலாவதின் மேல் எழுதிவிடும். ஆயிரம் உள்ளே போய் 870 வெளியே வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இந்த ஃபோல்டருக்கு "சோதனை" என்று பெயர் வைத்து, அதற்கு இன்னொரு நகலும் எடுத்து வேறிடத்தில் போட்டுவிடுங்கள்.

படி 4: அமைப்புகளில் எதைத் தேட வேண்டும்

மென்பொருளைத் திறந்ததும் முதலில் வெளியீட்டு ஃபோல்டர் எங்கே என்று பாருங்கள். தனி ஃபோல்டர் கொடுக்க முடியாது என்றாலோ, அந்த வசதி மூன்று மெனுவுக்குள் புதைந்திருந்தாலோ, அந்த மென்பொருள் எனக்கு வேண்டாம். "ஒரிஜினலை மாற்று", "மாற்றியபின் ஒரிஜினலை அழி" என்ற டிக் பெட்டிகள் எங்கே இருக்கின்றன, காலியாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அடுத்து, எப்படிப் பொருத்துவது என்பது. ஃபிட் என்றால் முழுப் படமும் பெட்டிக்குள் அடங்கும், விகிதம் மாறாது. ஃபில் என்றால் பெட்டி நிரம்பும், ஓரங்கள் வெட்டுப்படும். ஸ்ட்ரெச் என்றால் படம் இழுபடும், முகம் அகலமாகும். குடும்பப் படங்களுக்கு ஃபிட், அல்லது நீளப்பக்கக் கணக்கு. கூடவே "சிறிய படங்களைப் பெரிதாக்காதே" என்ற பெட்டியை டிக் செய்யுங்கள்.

தரம் என்ற எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத விவரங்களைக் கழித்துச் சேமிக்கிறது. எவ்வளவு கழிப்பது என்பதுதான் தரம். ஆனால் இந்த எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு மென்பொருளின் 80 இன்னொன்றின் 80 ஆகாது. ஃபோட்டோஷாப்பில் 0 முதல் 12 வரை ஓர் அளவு, மற்றவற்றில் 100 வரை. அதனால் யாராவது "85 வை" என்றால், எதில் என்று கேளுங்கள். நான் 80இலிருந்து 90க்குள் தொடங்கி, முகத்தின் ஓரமும் வானமும் சேருமிடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து முடிவெடுக்கிறேன். வானத்தில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எண் போதாது. எண்ணைக் கூட்டக்கூட ஃபைல் வேகமாக வீங்கும், 95க்கு மேல் கண்ணுக்குக் கிடைப்பது மிகக் குறைவு.

ஜேபெக்கை ஒவ்வொரு முறை திறந்து சேமிக்கும்போதும் கொஞ்சம் விவரம் போகும். எனவே ஏற்கனவே சுருக்கிய படத்தை மறுபடி சுருக்காதீர்கள். வேறு அளவு வேண்டுமென்றால் ஒரிஜினலுக்குத் திரும்பிப் போய்த் தொடங்குங்கள்.

எக்சிஃப் தகவல் இரு பக்கமும் கூரான கத்தி. படம் எடுத்த இடம், வீடு இருக்கும் இடம் உட்பட, அதில் துல்லியமாக இருக்கலாம். பொதுவெளியில் போடுவதற்கு அதை நீக்குவதே சரி. ஆனால் மொத்தத்தையும் துடைத்தால் எடுத்த தேதியும் போய்விடும். பிறகு ஆல்பத்தில் ஐந்து வருடப் படங்கள் எல்லாம் சுருக்கிய நாளன்று எடுத்தவைபோல் வரிசையாக நிற்கும். இடத்தை மட்டும் நீக்கித் தேதியை விட்டுவைக்கும் வசதி இருந்தால், அந்த மென்பொருளுக்கு ஒரு மதிப்பெண் கூடக் கொடுங்கள்.

கடைசியாக, கூர்மை. சுருக்கியபின் படம் லேசாக மென்மையாகும். சிறிதளவு கூர்மை சேர்த்தால் பளிச்சென்று இருக்கும். அதிகமானால் தலைமுடியைச் சுற்றி வெள்ளை வளையம் வரும். சந்தேகம் இருந்தால் சேர்க்காமல் விடுங்கள்.

படி 5: உங்களுக்கு எது பொருந்தும்

விண்டோஸ் வைத்திருப்பவருக்கு, அதுவும் எப்போதாவது மட்டும் செய்பவருக்கு, மைக்ரோசாஃப்ட் தனியாகத் தரும் பவர்டாய்ஸ் என்ற கருவித் தொகுப்பில் உள்ள இமேஜ் ரீசைசரைத்தான் முதலில் சொல்வேன். இலவசம். படங்களைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்தால் மெனுவிலேயே இருக்கும். சிறிதாக்கு, பெரிதாக்காதே என்ற டிக் உண்டு. நிமிர்ந்த படத்துக்கு அகல உயரங்களைத் தானே மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. நகல்களை ஒரிஜினல் இருக்கும் ஃபோல்டரிலேயே, பெயரின் பின்னால் அளவைச் சேர்த்துப் போடும் என்பதுதான் இதன் சிக்கல். அமைப்புகளில் பெயர் வடிவத்தில் ஒரு பின்சாய்வுக் கோடு சேர்த்துத் தனி உட்ஃபோல்டருக்கு அனுப்பலாம். ஒரிஜினலையே மாற்றும் பெட்டியும் அதே சாளரத்தில் இருக்கிறது, கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இர்ஃபான்வியூ 1996 முதல் இருக்கிறது. தோற்றம் பழசு, வேலை சுத்தம். படம் திறந்திருக்கும்போது 'பி' விசையைத் தட்டினால் மொத்தமாக மாற்றும் சாளரம் வரும். நீளப்பக்கம், சிறியதைப் பெரிதாக்காதே, தேதியைக் காப்பாற்று என்று எல்லாம் அதன் அட்வான்ஸ்டு பகுதியில் உண்டு, அமைப்பைச் சேமித்தும் வைக்கலாம். துணைநிரல் சேர்த்தால் ஜேபெக்கை இத்தனை கேபிக்குள் என்று கேட்கலாம். வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் வாங்க வேண்டும். இத்தனை பெட்டிகளைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு ஃபாஸ்ட்ஸ்டோன் போட்டோ ரீசைசர் எளிது. அதுவும் விண்டோஸுக்கு மட்டும், வீட்டு உபயோகத்துக்கு இலவசம்.

என் சொந்தத் தேர்வு எக்ஸ்என்கன்வர்ட். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். செய்ய வேண்டிய வேலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கலாம்: திருப்பு, சுருக்கு, கூர்மை சேர், பெயர் மாற்று. ஒவ்வொரு அடுக்கின் விளைவும் பக்கத்திலேயே முன்னோட்டமாகத் தெரியும். உட்ஃபோல்டர் அமைப்பை அப்படியே காப்பது, பெயர் மோதினால் என்ன செய்வது, நிறப் புரொஃபைலை வைத்திருப்பது என மேலே சொன்ன பத்துத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதில் ஒரு பெட்டி இருக்கிறது. இதுவும் சொந்தப் பயன்பாட்டுக்குத்தான் இலவசம்.

மேக்கில் கூடவே வரும் பிரிவியூவில் படங்களை மொத்தமாகத் திறந்து, பக்கப்பட்டியில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, டூல்ஸ் மெனுவில் அளவை மாற்றலாம். கையில் இருக்கும் கருவி, வசதிதான். ஆனால் சேமிக்கும்போது ஒரிஜினல்தான் மாறும். ஃபோல்டரை நகலெடுத்து நகலில் மட்டும் இதைச் செய்யுங்கள். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலில் சிப்ஸ் என்ற கட்டளையும் இருக்கிறது. வெளியீட்டு ஃபோல்டரைக் குறிப்பிடாவிட்டால் அதுவும் ஒரிஜினலின் மேல்தான் எழுதும்.

கட்டளை எழுதத் தயங்காதவர்களுக்கு இமேஜ்மேஜிக். ஜான் கிறிஸ்டி 1987இல் டூபாண்ட் நிறுவனத்தில் இருந்தபோது தொடங்கியது, 1990இல் வெளியானது. திறந்த மூலம், வணிகத்துக்கும் தடையில்லை. இதில் மோக்ரிஃபை என்ற கட்டளை இயல்பாகவே ஒரிஜினலை மாற்றும். பாத் என்ற விருப்பத்தில் வேறு ஃபோல்டரைக் கொடுத்தால் மட்டுமே நகல் எடுக்கும். அளவின் பின்னால் > குறி சேர்த்தால் பெரியவற்றை மட்டும் சுருக்கும். அந்த அளவை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், இல்லாவிட்டால் டெர்மினல் அந்தக் குறியை வேறு மாதிரிப் புரிந்துகொள்ளும். ஆட்டோ ஓரியன்ட் விருப்பத்தை, தகவலை நீக்கும் ஸ்ட்ரிப் விருப்பத்துக்கு முன்னால் எழுத வேண்டும். மாற்றி எழுதினால் முதல் சோதனைப் படத்தில் ஆள் படுத்துவிடுவார். ஸ்ட்ரிப் நிறப் புரொஃபைலையும் எடுத்துவிடும் என்பதால் ஆறாவது படத்தையும் பாருங்கள். லினக்ஸில் இன்னொன்று: ஃபைல் பெயரின் கடைசியில் பெரிய எழுத்தில் ஜேபிஜி என்று இருந்தால், சிறிய எழுத்தில் கொடுத்த கட்டளை அதைத் தொடாது. ராட்சத பனோரமாக்களும் பல ஆயிரம் படங்களும் வைத்திருப்பவர்கள் லிப்விப்ஸ் என்ற நிரல் தொகுப்போடு வரும் விப்ஸ்தம்ப்நெயிலைப் பார்க்கலாம். முழுப் படத்தையும் நினைவகத்தில் ஏற்றாமல் பகுதி பகுதியாகச் செய்வதால் ராம் குறைவாக இருந்தாலும் தாங்கும்.

ரா படம் எடுப்பவர்களுக்கு லைட்ரூம் அல்லது இலவசமான டார்க்டேபிள். இரண்டிலும் ஏற்றுமதிச் சாளரத்திலேயே அளவு கொடுக்கலாம். லைட்ரூமில் இடத்தகவலை மட்டும் நீக்கும் வசதி இருப்பது எனக்குப் பிடித்தது. போட்டோ சேகரிப்பு முழுவதையும் ஒரே இடத்தில் ஒழுங்கு செய்ய நினைப்பவர்களுக்கு டிஜிகேம். அதன் உள்ளேயே மொத்தமாகச் செய்யும் வரிசை ஒன்று இருக்கிறது.

இணையதளங்களில் படங்களை ஏற்றிச் சுருக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குழந்தைகளின் முகமும் வீட்டின் இடமும் யாருடைய சர்வருக்கோ போகின்றன. சில தளங்கள் எதையும் ஏற்றாமல் உங்கள் பிரவுசருக்குள்ளேயே வேலையை முடிக்கும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: பக்கம் திறந்தபின் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, ஒரு சாதாரணப் படத்தைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் சுருங்கினால் வேலை உங்கள் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. ஸ்கூஷ் அப்படிப்பட்டது. ஒரு நேரத்தில் ஒரு படம்தான் அதில் செய்யலாம். ஆனால் தரத்தைக் குறைக்கக் குறைக்க எது முதலில் கெடுகிறது என்று இரண்டு பக்கமாக ஒப்பிட்டுக் கண்ணைப் பழக்கிக்கொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

படி 6: சோதனை ஓட்டம்

இரண்டு மென்பொருள்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஐந்தாறை இறக்கினால் களைப்புதான் மிஞ்சும். இரண்டிலும் அதே பத்துப் படங்கள், அதே நீளப்பக்கம், தனித்தனி வெளியீட்டு ஃபோல்டர்.

முடிந்ததும் முதலில் ஒரிஜினல் ஃபோல்டரைப் பாருங்கள். தேதி, அளவு எதுவும் மாறியிருக்கக் கூடாது. பிறகு வெளியீட்டை எண்ணுங்கள். ஜோடியையும் சேர்த்து 11 ஃபைல்கள் இருக்க வேண்டும். தமிழ்ப் பெயர் அப்படியே இருக்கிறதா? நிமிர்ந்த படத்தை இரண்டு வேறு மென்பொருள்களிலும் பிரவுசரிலும் திறந்து பாருங்கள், மூன்றிலும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். 640 பிக்சல் படம் 640 ஆகவே இருக்கிறதா? துணிப் படத்தை நூறு சதவீத அளவில் வைத்து அலை தெரிகிறதா என்று பாருங்கள். பூவை ஒரிஜினலோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பத்தும் தேறும் மென்பொருள் அரிது. எதில் தோற்றாலும் பரவாயில்லை என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. லோகோவே இல்லாதவருக்கு ஏழாவது படம் பொருட்டில்லை. ஆனால் ஒரிஜினலைத் தொடுவது, எண்ணிக்கை குறைவது, படம் படுத்துக்கொள்வது ஆகிய மூன்றில் ஒன்று நேர்ந்து, அமைப்பை மாற்றியும் சரியாகவில்லை என்றால் அந்த மென்பொருளை நீக்கிவிடுங்கள்.

படி 7: முழு ஓட்டம்

ஒரிஜினல்களை வேறு டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்தபிறகே தொடங்குங்கள். முதலில் நூறு படங்களை ஓட்டி, எவ்வளவு நேரம், எத்தனை எம்பி என்று பார்த்தால் மீதிக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுவிடலாம். இடமில்லாமல் பாதியில் நின்ற வேலையில், எது முடிந்தது, எது அரைகுறை என்று தேடுவது பெரிய தலைவலி.

முடிந்ததும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். பிறகு வெளியீட்டு ஃபோல்டரை ஃபைல் அளவின்படி வரிசைப்படுத்துங்கள். மிகச் சிறிய ஃபைல்கள் மேலே வரும். பாதியில் உடைந்தவையும் வெறுமையானவையும் அங்கேதான் இருக்கும். மறுகோடியில் மிகப் பெரியவை, அதாவது சுருங்காமல் தப்பியவை இருக்கும். இரண்டு பக்கமும் பத்துப் பத்து திறந்து பார்த்தால் போதும். அதன்பின் சிறு படங்களாக வைத்து வேகமாக உருட்டினால், திரும்பி நிற்பவை கண்ணில் பட்டுவிடும்.

எல்லாம் சரி என்றதும் அமைப்பைச் சேமித்து, அந்த அமைப்பு ஃபைலை "சோதனை" ஃபோல்டருக்குள்ளேயே போட்டு வையுங்கள். மென்பொருள் புதிய பதிப்புக்கு மாறும்போதோ, புதிய போன் வாங்கும்போதோ, அந்தப் படங்களை இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். மெமரி கார்டை ஃபார்மட் செய்வது இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான்.